தீவு மருத்துவத்தில் இதய கேளா ஒலிச் சோதனை

அந்தமான் நிக்கோபார் தீவுகள் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 3,80,581 பேர் வாழ்ந்தனர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இயங்குகிறது. அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 2015இல் தொடங்கப்பெற்றது. எனினும், கிரேட் நிக்கோபார் போன்ற தொலைத் தீவுகளுக்கும் தலைநகருக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் கடல் உள்ளது. நோயாளியை எப்போது, எங்கே அனுப்புவது என்னும் முடிவு இங்கு உயிர்நிலை முடிவாகும்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரத்த அழுத்தம் வீழ்வதற்குக் காரணங்கள் பல. இரத்தப் போக்கினால் இதயம் நிரம்பாமல் இருக்கலாம். இதயத் தசையே தளர்ந்திருக்கலாம். இதய உறையில் நீர் அல்லது இரத்தம் தேங்கி அழுத்தலாம். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரல் தமனியை அடைக்கலாம். வெளித் தோற்றத்தில் இவை ஒன்றுபோலவே காணப்படும். சிகிச்சையோ வேறு வேறு. முதல் வகையினருக்கு உயிர் காக்கும் திரவம், தளர்ந்த இதயத்திற்கு மிகுமாயின் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

ஒலி காட்டும் படம்

மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். பல இலட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒலியை மார்பின் வழியே செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்குவதே 'எக்கோ' சோதனை. 1953இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறைகளைக் காணப் பயன்பட்ட கருவியைக் கொண்டு இதன் அடித்தளத்தை அமைத்தனர்.

இன்றைய சிறு கருவியைப் படுக்கையருகிலேயே இயக்கலாம். கதிர்வீச்சு இல்லை, நோயாளியை நகர்த்தவும் வேண்டியதில்லை. இடது கீழறை காலியாக இருந்தும் வேகமாகச் சுருங்கினால் திரவக் குறைவு எனக் கருதலாம். அது மந்தமாக இயங்கினால் தசைத் தளர்ச்சி. வலது கீழறை விரிந்து காணப்பட்டால் நுரையீரல் அடைப்பை ஐயுற வேண்டும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் பார்த்தால் அதன் பயனும் தெரியும்.

வரம்புகளும் கடமைகளும்

மார்பில் உள்ள கட்டுகளும், செயற்கைச் சுவாசத்தால் விரிந்த நுரையீரலும் படத்தை மறைக்கக்கூடும். பயிற்சியற்ற கண் தவறாகவும் படிக்கும். எனவே இச்சோதனை உடற்பரிசோதனைக்குத் துணையேயன்றி மாற்றாகாது. மேலும், கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பாலினத்தைக் காட்டவல்ல கேளா ஒலிக் கருவிகளைப் பதிவு செய்யுமாறு பணிக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளின் பயன்பாட்டை அதன் விதிகள் வரையறுக்கின்றன. நிர்வாகத்தினர் இதனையும் கருத்திற்கொண்டே திட்டமிட வேண்டும்.

கருவியை வாங்குதல் ஒரு நாள் வேலை. அதை இரவும் பகலும் கையாளத் தெரிந்த மருத்துவரை உருவாக்குதல் தொடர்ந்த பணி. கடலைக் கடக்கும் முன்பே நோயின் காரணத்தை அறிய முடியுமானால், அவசியமற்ற பயணங்கள் குறையும்; அவசியமான பயணங்கள் தாமதமாகா. அறுவை அரங்குள்ள தீவு மருத்துவமனைகளுக்கான திட்டத்தில் கருவியின் விலையோடு பயிற்சிச் செலவும் இடம்பெறுவது இன்றியமையாததாகும்.