பிரசவமான பெண் தண்ணீர் குடித்தால் வயிறு போடுமா?

"தண்ணி நிறைய குடிக்காதம்மா, வயிறு போட்டுரும். குழந்தைக்கும் சளி பிடிச்சுக்கும்." பிரசவம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் பல வீடுகளில் இன்றும் சொல்லப்படும் அறிவுரை இது. சில வீடுகளில் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்தே கொடுக்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால், தாய்க்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான்.

வயிறு ஏன் பெரிதாகத் தெரிகிறது?

கர்ப்பத்தில் விரிந்த கருப்பை பழைய நிலைக்குச் சுருங்க சுமார் 6 வாரங்கள் ஆகும். தளர்ந்த வயிற்றுத் தசைகள் இறுக இன்னும் நாளாகும். குடிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சளியைக் கொண்டுவருவது வைரஸ். அம்மா ஜில்லென்று குடித்தாலும் தாய்ப்பால் உடல் சூட்டில்தான் சுரக்கும்.

தண்ணீரைக் குறைத்தால்?

தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவருக்குத் தினமும் சுமார் 750 மில்லி சுரக்கிறது. அந்த நீரை ஈடுகட்டாவிட்டால் உடல் சோர்ந்துவிடும். மலச்சிக்கல் வரும், தையல் போட்டவர்களுக்கு அது பெரிய வேதனை. சிறுநீர்த் தொற்றுக்கும் வாய்ப்பு கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து வழக்கத்தைவிட அதிகம். நீர்ச்சத்துக் குறைவு அதை மேலும் கூட்டும்.

எவ்வளவு குடிக்கலாம்?

தாகம்தான் முதல் அளவுகோல். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் குடிக்க வேண்டும். அதற்காக லிட்டர் லிட்டராகக் குடித்தால் பால் கூடிவிடாது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான் பாலைப் பெருக்கும்.

எதைக் குடிக்கலாம்?

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பால், மோர், ராகிக் கஞ்சி, இளநீர், ரசம் எல்லாமே நல்லது. மோர், பால், ராகியில் கால்சியமும் கிடைக்கும். வீட்டில் தரும் சுக்கு, பூண்டுப் பாலை அளவாகக் குடிக்கலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் கவனிக்க: கருப்பட்டியும் சர்க்கரைதான். கூல் டிரிங்க்ஸ், சர்க்கரை அதிகமுள்ள சத்து பானங்கள் தேவையில்லை.

டீ, காபி?

நாளுக்கு 2 சிறிய டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காபியிலுள்ள கஃபைன் கொஞ்சம் தாய்ப்பாலிலும் கலக்கும். குழந்தையின் தூக்கம் கெடலாம். பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். டீ, காபியோடு சேர்த்து அதை விழுங்கினால் சத்து சரியாக உடலில் சேராது. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். மதுவைத் தவிர்த்துவிட வேண்டும்.

யார் டாக்டரிடம் கேட்க வேண்டும்?

இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தில் பிபி ஏறியவர்களுக்கும் அளவு மாறலாம். சிசேரியன் ஆனவர்கள் எப்போது குடிக்கத் தொடங்கலாம் என்பதையும் டாக்டரே சொல்வார். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, காய்ச்சல், கடும் தலைவலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் வேண்டாம் என்பது குழந்தைக்குத்தான். முதல் 6 மாதங்கள் தாய்ப்பாலே போதும். பாட்டியின் சுக்குக் கஷாயம் தொடரட்டும். கூடவே அம்மாவின் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் இருக்கட்டும்.