எந்த முனை முதலில்?

விண்டோஸின் பழைய நோட்பேடில் தமிழ் தட்டிச் சேமித்தவர்களுக்கு அந்தச் சின்னப் பட்டியல் நினைவிருக்கும். கோப்புக்குப் பெயர் கொடுக்கும் பெட்டியின் அடியில் நான்கு பெயர்கள் வரும்: ஆன்சி, யூனிகோடு, யூனிகோடு பிக் எண்டியன், யூடிஎஃப்-8. ஆன்சியிலேயே விட்டுவிட்டால் எழுதிய தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அதனால் இரண்டாவதையோ நான்காவதையோ தேர்ந்தெடுக்கப் பலரும் பழகிக்கொண்டார்கள். மூன்றாவதாக நின்ற அந்த 'எண்டியன்' எங்கிருந்து வந்தது? 1726இல் வெளிவந்த ஒரு கதையில் வரும் முட்டையிலிருந்து. 1980இல் ஒரு கணினி அறிஞர் அந்த முட்டையை எடுத்துத் தன் துறையில் நடந்துகொண்டிருந்த ஒரு சண்டைக்குப் பொருத்தினார். சண்டைக்கு அவர் சூட்டிய பெயரோ முட்டைக் கதையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது: புனிதப் போர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சிலுவைப் போர்கள்தான் நினைவுக்கு வரும். 1095இல் பிரான்சின் க்ளெர்மாண்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்தார். எருசலேமை நோக்கிப் படைகள் கிளம்பின. ஆனால் கிளம்பியவர்கள் தங்கள் பயணத்தைப் பெரும்பாலும் யாத்திரை என்றே சொல்லிக்கொண்டார்கள். புனிதப் போர் என்ற பெயர் அவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் புழங்கியது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், டெல்ஃபியில் நடந்த ஒரு மோதலைப் பற்றி எழுதும்போது, மக்கள் அதைப் புனிதப் போர் என்று அழைப்பதாகக் குறிப்பிடுகிறார்.

டெல்ஃபியில் இருந்தது அப்போலோவின் கோயில். குறி கேட்க அரசர்களும் வருவார்கள், சாமானியர்களும் வருவார்கள். எந்த ஒரு நகரத்துக்கும் சொந்தமில்லாமல், பல கிரேக்க இனங்கள் சேர்ந்த ஒரு மன்றம் அதைப் பராமரித்தது. கி.மு. 449 வாக்கில் ஸ்பார்ட்டாவின் படை வந்து கோயிலை டெல்ஃபி ஊராரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அது போன கையோடு ஏதென்ஸின் படை வந்தது. கோயிலைப் பிடுங்கி அண்டை நாட்டவரான ஃபோக்கியர்களிடம் கொடுத்தது. இன்னொரு நூற்றாண்டு கழித்து, கோயில் நிலத்தில் பயிரிட்டார்கள் என்று ஃபோக்கியர்கள்மீது மன்றம் கடும் அபராதம் போட்டது. அவர்கள் கி.மு. 356இல் கோயிலையே கைப்பற்றி, காணிக்கைப் பொன்னை உருக்கிக் கூலிப்படைகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பத்தாண்டுகள் நீண்ட அந்தப் போரை முடித்துவைக்க வந்தவர் மாசிடோனியாவின் இரண்டாம் ஃபிலிப், அலெக்சாந்தரின் தந்தை. வந்தவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஃபோக்கியர்கள் இழந்த மன்ற வாக்குகள் அவர் கைக்குப் போயின. கிரேக்க அரசியலே கொஞ்சம் கொஞ்சமாக அவர் பிடிக்குள் வந்தது.

இந்தப் போர்களில் எதிலும் வேற்று மதத்தார் கிடையாது. இரு தரப்பும் வணங்கியது ஒரே அப்போலோவை. பேசியது ஒரே மொழியை. அவரவர் ஊர்க் கோயிலை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொண்டதில் யாருக்கும் பகை வரவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரே ஒரு கோயிலை எந்த முறைப்படி நடத்துவது, யார் நடத்துவது என்ற இடத்தில்தான் வாள் உருவப்பட்டது. சொல்லின் இந்த மிகப் பழைய பொருள்தான் கணினிக்காரர்களின் சண்டைக்கு அப்படியே பொருந்துகிறது என்பேன்.

இனி அந்தச் சண்டை. கணினியின் நினைவகம் வரிசையாக எண்ணிடப்பட்ட அறைகளால் ஆனது. ஓர் அறையின் கொள்ளளவு ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை வைக்கலாம். அதைவிடப் பெரிய எண்ணுக்கு இரண்டு அறைகள் வேண்டும். 258 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஒரு 256உம், மிச்சம் 2உம் சேர்ந்தது. ஆகவே ஓர் அறையில் 1, இன்னோர் அறையில் 2. முதல் அறையில் எதை வைப்பது? 1 பெரிய இடத்து எண், 2 சிறிய இடத்து எண். பெரியதை முதலில் வைத்தால் '1, 2'. சிறியதை முதலில் வைத்தால் '2, 1'. கேள்வி இவ்வளவுதான்.

எப்படி வைத்தாலும், வைத்த வரிசையிலேயே எடுத்தால் 258 கிடைத்துவிடும். வைத்தவர் ஒரு வரிசையிலும் எடுப்பவர் எதிர் வரிசையிலும் போனால் 258 என்பது 513 ஆகிவிடும். நான்கு பைட்களில் எழுதிய வெறும் 1, எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கும்போது 1,67,77,216 ஆகிறது. எந்த இடத்திலும் பிழை நடந்ததாக இயந்திரத்துக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை இரண்டுமே முறையான எண்கள்.

பெரிய முனையை முதலில் வைப்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. மனிதர் எண் எழுதும் முறை அதுதான். இரண்டு எண்களில் எது பெரிது என்று பார்க்க முதல் பைட்டை ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும். சின்ன முனைக்காரர்களுக்கும் நியாயம் இருக்கிறது. கூட்டல் கணக்கை நாம் ஒன்றாம் இடத்திலிருந்துதானே தொடங்குகிறோம்? மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சிறிய முனை முதலில் கைக்கு வருவதே வசதி. மொழிகளிலும் இந்த இரண்டு வழக்கங்கள் உண்டு. தமிழில் 'இருபத்து மூன்று' என்று பெரியதை முதலில் சொல்கிறோம். ஜெர்மனும் அரபியும் 'மூன்றும் இருபதும்' என்று சிறியதில் தொடங்குகின்றன. அவ்வளவு ஏன், ஒரே அழைப்பிதழில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று சின்ன முனையிலிருந்தும், அதற்குப் பக்கத்திலேயே நேரத்தை மணி, நிமிடம் என்று பெரிய முனையிலிருந்தும் எழுதுகிறோம். படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை.

கணினிகள் தனித்தனியாக இருந்தவரை அங்கேயும் தடுமாற்றமில்லை. 1964இல் வந்த ஐபிஎம்மின் சிஸ்டம்/360 பெரிய முனை. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் பிடிபி-11 சின்ன முனை. அதிலும் நான்கு பைட் எண்கள் என்று வந்துவிட்டால் இரண்டிலும் சேராத கலப்பு வரிசை ஒன்றை அது பின்பற்றியது. அவரவர் வீட்டில் அவரவர் வழக்கம். பிறகு ஒரு வீட்டின் மென்பொருள் இன்னொரு வீட்டுக்குக் குடிபோகத் தொடங்கியது. பிடிபி-11இல் வளர்ந்த யுனிக்ஸை வேறு கணினிக்கு மாற்றும்போது பெயரின் நான்கு எழுத்துகளும் ஜோடி ஜோடியாக இடம் மாறிவிடும் அபாயம் இருந்தது. அந்தச் சிக்கலுக்கு நிரலாளர்கள் வைத்த பெயரே 'நக்ஸி'. யுனிக்ஸின் ஆங்கில எழுத்துகளை ஜோடிக்குள் மாற்றிப் போட்டால் வருவது. 1970களில் வலையமைப்புகள் வந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு கம்பி, பொதுவான ஒரு செய்தி. பைட்கள் எந்த வரிசையில் போவது? டெல்ஃபி மறுபடியும் வந்துவிட்டது.

அப்போதுதான் டேனி கோஹென் எழுதினார். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவலியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். வலையமைப்பின் வழியாக மனிதக் குரலை உடனுக்குடன் அனுப்பும் முயற்சிகளில் முன்னணியில் நின்றவர். இணையச் சோதனைக் குறிப்புகள் என்ற வரிசையில் 137ஆவதாக, 1980 ஏப்ரல் 1ஆம் தேதியிட்டு வந்தது அவர் கட்டுரை. புனிதப் போர்களைப் பற்றியும் சமாதானத்தை வேண்டியும் எழுதுவதாகத் தலைப்பே சொன்னது. தேதியைப் பார்த்து வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வரிசைகளின் கணக்கையும் துல்லியமாகப் பிரித்துக் காட்டிய முதல்தரமான ஆய்வு அது. மறு ஆண்டே கணினித் துறையின் முக்கிய இதழ் ஒன்றில் மறுபதிப்பாயிற்று.

முட்டை வருவது இங்கேதான். ஜோனதன் ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நூலில், லில்லிபுட் என்ற குள்ளர்கள் நாட்டில் முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதே வழக்கமாக இருந்தது. ஓர் இளவரசனின் விரல் அப்படி உடைக்கும்போது வெட்டுப்பட்டது. உடனே அரசனான அவன் தந்தை இனி எல்லாரும் சின்ன முனையில்தான் உடைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். ஆறு கலகங்கள். பணிய மறுத்துப் பதினோராயிரம் பேர் உயிரை விட்டார்கள். தப்பியவர்களுக்கு அண்டை நாடான பிளெஃபுஸ்கு அடைக்கலம் தந்தது. இரு நாட்டாருக்கும் மறைநூல் ஒன்றுதான். அதுவோ அவரவர்க்கு வசதியான முனையில் உடைக்கச் சொல்கிறது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்ட்களும் ஒருவரையொருவர் கொன்று தீர்த்த ஐரோப்பாவை மனத்தில் வைத்து ஸ்விஃப்ட் எழுதியது இது. அவரும் இரண்டு மதங்களின் மோதலைக் கதையாக்கவில்லை, ஒரே மறைநூலின் இரண்டு வாசிப்புகளைத்தான் மோதவிட்டார் என்பது கவனிக்க வேண்டியது.

கோஹென் அந்த முனைக்காரர்களின் பெயரையே எடுத்துக்கொண்டு, பெரிய இடத்தை முதலில் வைப்பவர் பிக் எண்டியன், சின்ன இடத்தை முதலில் வைப்பவர் லிட்டில் எண்டியன் என்றார். இரண்டும் உலகம் முழுக்கப் பாடநூல்களில் ஏறிவிட்டன. வாதத்தால் தீர்க்க முடியாத தொழில்நுட்பச் சண்டைகளுக்குப் புனிதப் போர் என்ற பெயரும் நிரலாளர் பேச்சில் நிலைத்தது. எந்த உரைத்திருத்தி மேல், வரியைத் தள்ளி எழுத டேப்பா ஸ்பேஸா என்பவையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தன. கோஹெனின் தீர்வு மிக எளிமையானது. எந்த வரிசை என்பதைவிட எல்லாரும் ஒரே வரிசைக்கு ஒப்புக்கொள்வதே முக்கியம். வேண்டுமானால் நாணயத்தைச் சுண்டிப் போட்டுத் தீர்மானிக்கலாம் என்று எழுதினார்.

யாரும் சுண்டவில்லை. இணையத்தின் நெறிமுறைகள் பெரிய முனையை எடுத்துக்கொண்டன. 'வலையமைப்பு வரிசை' என்றே அதற்குப் பெயர். மறுபக்கம், மேசையில் உட்கார்ந்த கணினிகள் பெரும்பாலும் சின்ன முனைக்குப் போயின. அது போன விதம் எனக்குத் தீராத வியப்பு. 1970இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு நிறுவனம் டேட்டாபாயிண்ட் 2200 என்ற முனையக் கருவியை அறிவித்தது. அதன் செயலி ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்டை, அதாவது பைட்டின் எட்டில் ஒரு துண்டைத்தான் கையாளும். கூட்டலுக்குச் சிறிய முனை முதலில் வந்தே ஆக வேண்டும் என்பதால் எண்களை அப்படி அடுக்கினார்கள். அந்தக் கருவிக்காக இன்டெல் வடிவமைத்த சில்லுதான் 1972இல் வெளிவந்த 8008. நிறுவனம் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஆனால் 8008இன் வழியில் 8080, அதன் வழியில் 1978இன் 8086, அதிலிருந்து இன்றைய மடிக்கணினிச் சில்லுகள் பல. ஒரு பிட் ஒரு பிட்டாகக் கூட்டிய காலம் எப்போதோ போய்விட்டது; அந்தக் காலத்துக்காகச் செய்த அடுக்கு மட்டும் போகவில்லை.

கைபேசிகளும் பெரும்பாலும் சின்ன முனையில்தான் இயங்குகின்றன. ஆகவே நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் முகவரித் தலைப்பிலும் உள்ள எண்கள் கைபேசியை விட்டுக் கிளம்பும்போது புரட்டப்படுகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி புரட்டப்படுகின்றன. புரட்ட மறந்த நிரல், பாதுகாப்பான இணையத்தளங்களுக்குரிய 443ஆம் வாயிலைத் தட்டுவதற்குப் பதில் 47,873ஆம் வாயிலைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

தமிழுக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண். அதை இரண்டு பைட்களில் எழுதலாம். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இந்த ஐந்தின் பைட்களையும் ஜோடி ஜோடியாகப் புரட்டினால் என்ன ஆகும்? 'த' இருந்த இடத்தில் தென்மேற்குச் சீனாவின் யீ மக்கள் எழுதும் எழுத்து ஒன்று வந்து நிற்கும். மற்ற நான்கும் கொரிய எழுத்துகளாகிவிடும். 'அ'வைப் புரட்டினால் ஒரு சீன எழுத்து. எதுவும் சிதையவில்லை, எதுவும் தொலையவில்லை; படித்த திசை மட்டும் மாறியிருக்கிறது.

இதைத் தடுக்க யூனிகோடு கண்ட வழி அழகானது. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைப்பார்கள். அதன் இரு பைட்களைப் புரட்டினால் கிடைக்கும் எண்ணில் என்றைக்கும் எந்த எழுத்தையும் வைக்கப்போவதில்லை என்று யூனிகோடு உறுதி கொடுத்திருக்கிறது. படிக்கும் நிரல் அந்த இல்லாத எழுத்தைக் கண்டால், தான் தலைகீழாகப் படிப்பதைப் புரிந்துகொள்ளும். நோட்பேடின் இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் இந்தக் குறியோடுதான் கோப்பைத் தொடங்கின. நான்காவதான யூடிஎஃப்-8க்கு வரிசைச் சிக்கலே கிடையாது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்த திட்டம் அது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்களாகும். எது முதல் பைட் என்பதை அந்தப் பைட்டே சொல்லிவிடும். இன்று இணையத்தில் நாம் படிக்கும் தமிழ் ஏறக்குறைய முழுவதும் அப்படி வருவதுதான்.

எழுத்துக்குக் கிடைத்த இந்த விடுதலை எண்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கைபேசி எடுக்கும் ஒரு ஜேபெக் படத்தின் உள்ளே எடுத்த நேரம், ஒளியளவு போன்ற விவரங்கள் அடங்கிய சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் தலையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: 'ஐ ஐ' அல்லது 'எம் எம்'. ஐ என்றால் இன்டெல், சின்ன முனை. எம் என்றால் மோட்டரோலா, பெரிய முனை. படத்தின் வெளிச் சட்டம் எப்போதும் பெரிய முனையிலேயே எழுதப்படுவது. உள்ளே இருக்கும் விவரங்கள் 'ஐ ஐ' ஆக இருந்தால் ஒரே கோப்பில் இரு முனைக்காரர்களும் குடியிருக்கிறார்கள், படத்தைத் திறக்கும் நிரல் வழியில் ஒரு முறை திசை மாறிப் படிக்கிறது.