படத்தாளும் வெள்ளித் தகடும்



டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள். பழைய கோவாவின் போம் ஜீசஸ் பேராலயத்தில் அவரது திருவுடல் இருக்கும் வெள்ளிப் பேழையை நம்மில் சிலர் கண்டிருப்போம். 1636-37ஆம் ஆண்டுகளில் கோவாவின் வெள்ளி வேலைக்காரர்கள் செய்த பேழை அது. புனிதரின் வாழ்க்கை அதில் 32 சிறு காட்சிகளாகப் புடைத்து நிற்கிறது.

ஐரோப்பிய முகங்களும் உடைகளும் இவர்கள் கைக்கு எப்படி வந்தன? பெரும்பாலும் அச்சுத் தாள் வழியாக. அக்காலத்தில் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் வரிவரியாகச் செதுக்கி, மை பூசி, தாளில் அழுத்திப் படம் எடுத்தார்கள். கொடி, இலை, சிப்பி, சம்மனசின் முகம் என்று பொற்கொல்லருக்கென்றே மாதிரித் தாள்களும் அச்சாகின. பரோக் கலை என்பது இப்படித்தான் கடல் கடந்தது. 1593இல் ஆண்ட்வெர்ப் நகரில் 153 படங்களுடன் வெளிவந்த நதால் அடிகளாரின் நற்செய்திப் படநூலை இயேசு சபையார் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுசென்றார்கள்.

தாளின் கோட்டை ஊசியால் துளைத்துக் கரித்தூள் தட்டினால் உருவம் தகட்டில் இறங்கும். ஆனால், அச்சுப்படத்தில் நிழலைக் காட்டுவது வெறும் வரிகள். வெள்ளியில் அதே நிழல் மேடும் பள்ளமுமாக வேண்டும். அரக்கின் மேல் தகட்டைப் படியவைத்து, எங்கே எவ்வளவு தட்டுவது என்பதைத் தாள் சொல்லாது, கைதான் அறியும்.

விடுதலைப் பயண நூலிலும் இதைக் காண்கிறோம். மலையில் காட்டப்பட்ட மாதிரிப்படி செய்யுமாறு மோசேக்குச் சொன்ன ஆண்டவர் (25:40), பொன், வெள்ளி, வெண்கல வேலைக்காகப் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார் (31:1-5). மாதிரி கொடுத்த கடவுள் கையையும் மறக்கவில்லை.

நாமோ மறக்கிறோம். பேழைக்கு ஏற்பாடு செய்த இயேசு சபைக் குரு மர்செல்லோ மாஸ்திரில்லியின் பெயர் நிலைத்தது. தட்டியவர்களைக் 'கோவா கொல்லர்கள்' என்பதோடு விட்டுவிடுகிறோம். நம் சிவகாசிப் பக்கமும் அப்படித்தானே? இங்கு அச்சாகும் காலண்டர் படம் எத்தனையோ வீடுகளில் செபத்துக்கு முன் நிற்கிறது. இங்கே திரி வைத்த பட்டாசு எங்கோ திருவிழாவில் ஒளிர்கிறது. செய்தவர் பெயரை யார் கேட்கிறார்கள்?

அடுத்த முறை கதிர்ப்பாத்திரத்தின் வேலைப்பாட்டைப் பார்க்கும்போது, அதைச் செய்த கைகளுக்காகவும் செபிப்போம். நம் பங்கில் உழைப்பவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம். உரிய கூலியும் பாதுகாப்பும் கிடைக்கத் துணை நிற்போம். ஆமென்.