சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

“ராத்திரி நல்லாத்தான் படுத்தாங்க டாக்டர், காலையில எழுப்பினா எழுந்திரிக்கல.” விடியற்காலையில் இப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது ஓடிவந்தால் எங்கள் அவசரப் பிரிவுச் செவிலியர் முதலில் எடுப்பது குளுக்கோமீட்டரைத்தான். நோயாளியின் உடை வியர்வையில் நனைந்திருக்கும். சிலருக்கு ஒரு பக்கக் கை கால் அசையாது; பக்கவாதம் என்று வீட்டார் அழுதுகொண்டிருப்பார்கள். வலிப்பு வந்தவர் என்றால் உள்ளங்கையில் சாவிக்கொத்து இருக்கும். மீட்டர் 32 என்று காட்டும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் பெரும்பாலோர் கண் விழித்துவிடுகிறார்கள். மணிக்கணக்கில் அப்படியே கிடந்துவிட்டு வருபவர்களுக்கு அந்த உறுதியைத் தர முடிவதில்லை.

இவர்களில் பலருக்கு நோய் முற்றவில்லை. போட்ட ஊசியில்தான் கோளாறு.

கோடு 30, மருந்து எவ்வளவு?

நம் ஊரில் இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. கடையில் போய் “இன்சுலின் ஊசி ஒண்ணு குடுங்க” என்று மட்டும் கேட்டால் கைக்கு அகப்பட்டதுதான் கிடைக்கும்.

ஒரு பாட்டிக்கு இரவு 20 யூனிட் எழுதியிருந்தார்கள். பேரன் வாங்கிவந்தது ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலிலிருந்து அதில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் 30 ஆக்கினார், போனது 12. அடுத்த மாதம் வேறு கடை, சிவப்பு மூடி. அன்றிரவுதான் முதன்முதலாக முழு 30 யூனிட் ஏறியது. யாரும் எதையும் கூட்டிப் போடவில்லை, சீட்டில் உள்ளபடிதான் போட்டார்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுப்பவர்களும் உண்டு. அது இதைவிட மோசம்: 20-ஆம் கோட்டுக்கு 50 யூனிட்.

சிஸ்டர் கேட்டால் ஏன் கோபம்?

“மூணு நாளா இங்கதான படுத்திருக்கேன், இன்னும் என் பேர் தெரியாதா?” தெரியும். தெரிந்தாலும் கேட்டே ஆக வேண்டும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நம் ஊரில் அதிசயமா? பெயர், மருந்து, அளவு, போடும் வழி, நேரம் எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் ஊசி. இன்சுலின் என்றால் இன்னொரு செவிலியரைக் கூப்பிட்டு சிரிஞ்சைக் காட்டுவதும் நல்ல வழக்கம். சாப்பாடு வந்துவிட்டதா, வாந்தி உண்டா என்று கேட்பார். சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் ஊசியை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவார். எங்கள் ஆட்களிலும் சிலர் யூனிட் என்று முழுதாக எழுதாமல் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ‘யூ’ எழுத்தைக் கிறுக்கி வைக்கிறார்கள். அது பூஜ்யமாகத் தெரிந்தால் 10 என்பது 100 ஆகிவிடும். அதையும் பிடித்து நிறுத்துவது அந்தச் செவிலியர்தான். அவர் மருந்தை இழுக்கும் நேரத்தில் “சிஸ்டர், ஃபேன் ஓடல” என்று கூப்பிடாமல் இருந்தால் புண்ணியம்.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

“சாப்பிடலைன்னாலும் ஊசிய விடக்கூடாதுல்ல?” சாப்பாட்டுக்கு முன் போடும் கலவை இன்சுலினை வழக்கம்போல் போட்டுக்கொண்டு ஏகாதசிப் பட்டினி இருந்தால் சர்க்கரை தாழாமல் என்ன செய்யும்? டைப் 1 நோயாளிகள் தாமாக ஊசியை அடியோடு நிறுத்துவதும் ஆபத்துதான். விரதத்துக்கு முன்பே, வாந்தி வந்த அன்றே, போன் போட்டு அளவைக் கேளுங்கள்.

“கல்யாண வீட்ல ரெண்டு ஜாங்கிரி, அதான் அஞ்சு யூனிட் சேத்துப் போட்டேன்.” யாரைக் கேட்டு? உணவுக்கேற்ப அளவை மாற்ற முறையாகக் கற்றவர்கள் உண்டு. இவர் கற்றது பக்கத்து வீட்டுக்காரரிடம்.

சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு என்று எதைக் குடித்தாலும் சொல்லிவிட்டுக் குடியுங்கள். இன்சுலினோடு சேர்ந்து அது இன்னும் இறக்கலாம். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் ‘சர்க்கரைக் கொல்லி’ப் பொடிகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு மாத்திரை கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அந்த மாத்திரை, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, எழுந்து உட்கார்ந்த பிறகும் சர்க்கரையை மறுபடி கீழே இழுக்கும். ஒரு நாள் இருங்கள் என்கிறோம். “அதான் கண்ணு முழிச்சிட்டாங்கள்ல” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய், ராத்திரியே திரும்பத் தூக்கிவருகிறார்கள்.

சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுக்கலாமா என்று தயங்குவதும் இதில் சேர்த்தி. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, 70-க்குக் கீழே போயிருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லையானால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் தாமதமாகும். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சாவிக்கொத்து எதையும் செய்யாது.

கெஞ்சித்தான் கேட்கிறேன்

ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின் சோதனைகளைச் சொன்ன நாளில் எடுத்துவிடுங்கள்.

பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கண் தெரியாத பெரியவரைத் தனியாகப் போட்டுக்கொள்ள விடாதீர்கள், பிள்ளைகளா. இன்சுலினை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள பாட்டில், சிரிஞ்சு, மாத்திரை அட்டை, பொடிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். சிஸ்டர் முன்னால் ஒரு தடவை மருந்தை இழுத்துக் காட்டுங்கள். ஓ.பி.யில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அவர் பார்ப்பார்.