முதல் வில் எதுவாக இருக்கட்டும்?

வில் என்றதும் வேட்டைதான் நமக்கு ஞாபகம் வரும். நமது அம்பாறை மாவட்டத்தின் பொல்லபெத்த வேடர்களின் முன்னோர் வில்லோடுதான் காட்டுக்குப் போனார்கள். ஆனால் யுத்தத்தில் காயப்பட்டவர்களின் கைக்கும் வில் வந்த கதை ஒன்று உண்டு.

1948 யூலை 29ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக் ஆரம்பமான அதே நாள், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலை வளவில் டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு போட்டி வைத்தார். முன்னர் படையில் இருந்து காயப்பட்ட 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அம்பெய்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். இன்றைய பராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ஈரானியச் சகோதரி ஸஹ்ரா நிமாத்தி, ஹிஜாபுடனேயே 2012இல் பராலிம்பிக் தங்கம் வென்றார். அவர் எடுத்தது நுனி வெளிப்பக்கம் வளைந்த ‘றிகேர்வ்’ வில். கைகளில்லாமல் பிறந்த இந்தியாவின் ஷீத்தல் தேவி எடுத்தது, கப்பி பூட்டிய ‘கொம்பவுண்ட்’ வில். காலால் வில்லைப் பிடித்து 2024 பாரிஸில் கலப்பு அணிக்கான வெண்கலம் பெற்றார்.

அப்படியானால் புதிதாகத் தொடங்கும் நமக்கு எது?

முதலில் றாத்தல் கணக்கைப் பாருங்கள். அது வில்லின் நிறையல்ல, நாணை இழுக்க வேண்டிய பலம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பல மாநிலங்கள் 35, 40 றாத்தல் வில் கேட்கின்றன. அங்கேயும் பழகுபவர் குறைந்த றாத்தலில்தான் தொடங்குகிறார். நமது பெண்களுக்கு 15 முதல் 20 போதும். மருதமுனையில் தறியடித்துப் பழகிய தோள் என்றாலும் அவசரம் வேண்டாம். பாரமான வில்லால் தோள்மூட்டு கெட்டவர்கள் அநேகர்.

றிகேர்வில் 20 றாத்தலை இழுத்தால், குறிபார்க்கும் நேரம் முழுக்க அந்த 20ஐயும் தாங்க வேண்டும். கொம்பவுண்டில் கடைசிவரை இழுத்ததும் கப்பி பாரத்தை வாங்கிக்கொள்ளும். 40 றாத்தல் வில்லில் கையில் தங்குவது சுமார் 10தான். குட்டையானது என்பதால் சக்கர நாற்காலிக்கும் வசதி. ஆனால் விலை அதிகம், பழுதுபார்க்கக் கருவியும் தேவை. எனவே நான் சொல்வது, கழற்றிப் பூட்டும் மர றிகேர்வ். பலம் கூடக்கூட, வில்லின் கைகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு கையை இழந்தவர்கள், நாணில் கட்டிய தோல் பட்டியைப் பல்லால் கடித்து இழுக்கிறார்கள். தோளில் செல் துண்டு உள்ளவர்கள் வைத்தியரிடம் காட்டாமல் நாணைத் தொட வேண்டாம்.

வாங்குமுன் நாணை முழுதாக இழுத்துப் பத்து வரை எண்ணுங்கள். கை நடுங்கினால் அந்த வில் உங்களுக்குப் பாரம். பிறகு மெதுவாகவே நாணைத் திருப்பி விடுங்கள். அம்பில்லாமல் சடாரென விட்டால் வில் முறிந்து முகத்தில் தெறிக்கும்.