வைக்கோலுக்குள் பூட்டிய சத்து

கோடையில் மரக்காணம் உப்பளங்களின் பக்கம் சென்றால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். பசும்புல்லைத்தான் தேட வேண்டும். உவர்நிலத்தில் புல் எளிதில் தழைக்காது. அந்நாட்களில் ஆட்டுக்கு வைக்கோல் கைகொடுக்கும். ஆனால் அதில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். குட்டிக்கு வயிறு நிறையும், உடல் தேறாது.

வைக்கோலில் சத்து இல்லாமலில்லை. அதிலுள்ள செல்லுலோஸை லிக்னின் என்னும் கடினப் பொருள் இறுகப் பிணைத்திருக்கிறது. முதல் உலகப் போரின் தீவனப் பஞ்சத்தில், ஜெர்மானிய வேதியியலார் பெக்மன் காரச் சோடாவால் இப்பிணைப்பைத் தளர்த்தினார். (நுண்ணிய வெப்பமானியால் பெயர்பெற்ற அதே பெக்மன்தான்!) நமக்கு எளிதில் கிடைப்பது யூரியா.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலிதீன் தாளால் மூடி 3 வாரம் வைக்கிறார்கள். நுண்ணுயிர்களின் யூரியேஸ் என்ற நொதி யூரியாவைச் சிதைத்து, ஏறத்தாழ 2¼ கிலோ அம்மோனியாவை வெளியிடுகிறது. இவ்வாயு காற்றைவிட இலேசானது. மேலே ஓட்டையிருந்தால் பறந்துவிடும். உள்ளே நின்றால் லிக்னின் பிணைப்பைத் தளர்த்தும். தங்கும் நைட்ரஜனை ஆட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் புரதமாக்கும். அந்நுண்ணுயிர்களையே ஆடு பின்னர்ச் செரித்துக்கொள்ளும்.

உப்பளக் கரையில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆட்டுக்கு உப்பு வைப்பது வழக்கம், யூரியாவும் வெள்ளைதான். உப்பென்று எண்ணி அதை வைத்துவிட்டால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி, ஆடு சில மணி நேரத்தில் இறக்கக்கூடும். பதமான வைக்கோலையும் உதறி ஆறப்போட்டு, நெடி அடங்கிய பின்பே கொடுக்க வேண்டும். பால்குடி மறவாத குட்டிகளுக்கு இது ஆகாது. அவற்றின் முதல் வயிறு இன்னும் முழுமையாக வேலை தொடங்கவில்லை.