தன்விவரக் குறிப்பு (உள்ளகப் பயிற்சி)

உள்ளகப் பயிற்சிக்கான தன்விவரக் குறிப்பு என்பது, ஒரு நிறுவனத்தில் குறுகிய காலம் பணி பழக விரும்பும் மாணவரோ புதிதாகப் பட்டம் பெற்றவரோ தம் கல்வி, திறன்கள், செய்த செயல்கள் ஆகியவற்றைச் சுருக்கமாகத் தொகுத்து அளிக்கும் ஆவணம் ஆகும். பேச்சு வழக்கில் இது பயோடேட்டா, ரெசியூம், சி.வி. எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. பணி அனுபவம் இல்லாதவருக்கு, எழுதுவதற்கு எதுவும் இல்லை என்ற எண்ணமே இதில் முதல் தடையாக அமைகின்றது. இக்கட்டுரை திருவண்ணாமலைப் பகுதி மாணவர்களின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

சொற்பொருள்

சி.வி. என்பதன் விரிவான கரிக்குலம் வீட்டே என்னும் இலத்தீன் தொடர் "வாழ்க்கையின் போக்கு" எனப் பொருள்படும். ரெசியூம் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருக்கம் என்பது பொருள். கல்வித்துறையில் சி.வி. பல பக்கங்களுக்கு நீள்வது உண்டு. நிறுவனங்களுக்கு அளிக்கப்படும் ரெசியூம் ஓரிரு பக்கங்களில் முடிவது வழக்கம். இந்தியாவில் இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்குகின்றன. பயோடேட்டா என்பது பிறந்த தேதி, பெற்றோர் பெயர் முதலிய தனிவிவரங்களை முதன்மைப்படுத்துவது. திருமணத் தகவல் தாளுக்கும் இப்பெயர் வழங்குவதுண்டு.

வரலாறு

இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி 1482 அளவில் மிலான் நகரின் ஆட்சியாளர் லுடோவிக்கோ சுபோர்சாவுக்கு எழுதிய கடிதம், தன்விவரக் குறிப்பின் முன்னோடியாகப் பலராலும் சுட்டப்படுகின்றது. அதில் அவர் தம்மால் செய்யக்கூடிய போர்க்கருவிகளையும் பாலங்களையும் வரிசைப்படுத்திவிட்டு, ஓவியத் திறனை இறுதியிலேயே குறிப்பிட்டார். பெறுபவரின் தேவைக்கேற்பச் செய்திகளை வரிசைப்படுத்தும் முறைக்கு இது சான்றாகும்.

தமிழ்நாட்டில் இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கணித மேதை சீனிவாச இராமானுசனுடையது. கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமையால் அவர் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் வெற்றி பெறவில்லை. 1910 அளவில் அவர் வேலை தேடித் திருக்கோவிலூருக்குச் சென்றார். இவ்வூர் விழுப்புரம் - காட்பாடி இருப்புப்பாதையில் திருவண்ணாமலைக்கு அருகில் உள்ளது. அங்கு துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுசன் அவரிடம் எழுத்தர் பணி ஒன்றை வேண்டினார். பட்டம் எதுவும் இல்லாத அவர் காட்டியவை தம் கணிதக் குறிப்பேடுகளே. அவற்றைக் கண்டு வியந்த ஐயர், வருவாய்த்துறையின் கடைநிலைப் பணியில் அவரை அமர்த்துவது அவரது திறனை முடக்கிவிடும் எனக் கருதி, சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1912 பெப்ரவரி 9 அன்று இராமானுசன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். மெட்ரிகுலேசன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் படிப்பைத் தொடர இயலாமற் போனதையும் அவ்விண்ணப்பத்தில் சொன்னார். பின்னர் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட்டதைக் குறிப்பிட்டார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாசுட்டின் பரிந்துரையும் உடன் இருந்தது. 1912 மார்ச்சு 1 அன்று மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் பணியில் சேர்ந்தார். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை வெளிப்படையாகக் கூறிவிட்டு, தாம் கண்ட தேற்றங்களை இணைத்தனுப்பினார். குறையை மறைக்காமை, செய்த பணியைச் சான்றாக வைத்தல், அறிந்தவர் ஒருவரின் பரிந்துரை ஆகிய மூன்றும் இன்றைய மாணவருக்கும் பொருந்துவன.

திருவண்ணாமலைச் சூழல்

திருவண்ணாமலை மாவட்டம் 1989 இல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1966 இல் நிறுவப்பட்ட அரசு கலைக் கல்லூரி திருவண்ணாமலையிலும், அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி செய்யாறிலும் உள்ளன. மாவட்டத்தின் குறிப்பிடத்தக்க தொழிற்பகுதியான செய்யாறு சிப்காட் நகரிலிருந்து தொலைவில் இருப்பதால், பெரிய அலுவலகம் ஒன்றை நேரில் காணும் வாய்ப்பு நகர மாணவர் பலருக்குக் குறைவு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்வோருக்குத் தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தர வீட்டில் எவரும் இருப்பதில்லை. ஆகவே கணினி மையங்களில் கிடைக்கும் ஆயத்தப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம் காணப்படுகின்றது. ஒரே படிவம் பலரிடமிருந்து வருமாயின், தேர்வு செய்பவரால் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்த இயலாது.

அனுபவமாகக் கொள்ளத்தக்கவை

ஊதியம் பெறாத பணியும் பணியே. பின்வருவன குறிப்பில் இடம்பெறத் தக்கவை:

* கல்லூரிச் செயற்திட்டங்கள், ஆய்வுக்கூடப் பணி, களஆய்வு.
* நாட்டு நலப்பணித் திட்டம். இதில் ஈராண்டுகளில் 240 மணிநேரச் சேவையும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. தேசிய மாணவர் படைச் சான்றிதழ்களும் இவ்வகையினவே.
* கார்த்திகைத் தீபத்தின்போதும் பௌர்ணமி நாட்களிலும் 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையில் செய்த தொண்டு: கூட்டத்தை ஒழுங்குபடுத்தல், முதலுதவி, வழிகாட்டல்.
* குடும்பத் தொழில்: பூக்கடை, தங்கும் விடுதி, வேளாண்மை, ஆரணிப் பகுதியின் பட்டு நெசவு.
* மொழியறிவு. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் அடியார்களிடம் பேசிப் பழகிய தெலுங்கும் இதில் அடங்கும்.
* தமிழ்த் தட்டச்சு, விரிதாள் போன்ற கணினித் திறன்கள்.

இவற்றை எழுதும்பொழுது பண்புப் பெயர்களைத் தவிர்த்துச் செயலையும் அளவையும் கூறுதல் நன்று. எடுத்துக்காட்டாக, "கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர்" என்பது எதனையும் நிறுவுவதில்லை. "எங்கள் விடுதியில் 2 ஆண்டுகளாகப் பௌர்ணமி நாட்களில் 12 அறைகளின் பதிவேட்டையும் வரவு செலவுக் கணக்கையும் விரிதாளில் பராமரித்தேன்" என்பது பொறுப்பு, கணக்கறிவு, கணினித் திறன் ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டுகின்றது. அளவுகள் உண்மையாக இருத்தல் இன்றியமையாதது. நேர்முகத்தில் முதலில் கேட்கப்படுவது அவ்வளவுகளைப் பற்றியே.

அமைப்பு

அனுபவம் குறைந்தவரின் குறிப்பு ஒரு பக்கத்தில் அமைவது போதுமானது. பொதுவான வரிசை பின்வருமாறு:

1. பெயர், ஊர், தொலைபேசி எண், மின்னஞ்சல்.
2. எந்தப் பயிற்சிக்கு, எக்காலத்தில் வர இயலும் என்பதைக் கூறும் இரண்டு வரிகள்.
3. கல்வி, அண்மையது முதலாக.
4. செயற்திட்டங்களும் தொண்டும்.
5. திறன்களும் மொழிகளும்.
6. பரிந்துரைக்க இசைந்த ஆசிரியரின் பெயர்.

தமிழ்வழியில் பயின்றதை மறைக்க வேண்டியதில்லை. நிலுவைத் தாள் உள்ளவர் அதனை முழுமதிப்பெண்ணாகக் காட்டலாகாது. கேட்கப்படும் இடத்தில் எண்ணிக்கையைக் கூறிவிடுதல் பாதுகாப்பானது.

பெயரும் முதலெழுத்தும்

தமிழர் பலர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று இங்கு உண்டு. தமிழ்ப் பெயரில் தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்து முன்னொட்டாக வருகின்றது. இணையவழிப் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டைக் கேட்கின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒரு வகையாகவும் ஆதாரில் வேறு வகையாகவும் பெயர் இருப்பின், தேர்வான பின்னர் சான்றிதழ் சரிபார்ப்பில் தடை ஏற்படலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள வடிவத்தையே எங்கும் கையாளுதல் எளிய தீர்வாகும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் இருவகையாக வழங்குவதால், ஒன்றையே தொடர்ந்து பின்பற்றுதல் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

ஆதார் எண், சாதி, மதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தன்விவரக் குறிப்பில் தேவையற்றவை. அரசுத் திட்டங்கள் இவற்றுள் சிலவற்றைக் கேட்கும் இடத்தில், உரிய படிவத்தில் மட்டும் அளிக்க வேண்டும். பயிற்சி தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. செய்யாத பணியை எழுதுதல், கண்டுபிடிக்கப்பட்டால், வாய்ப்பை மட்டுமன்றிப் பரிந்துரைத்த ஆசிரியரின் நம்பிக்கையையும் இழக்கச் செய்யும்.

வாய்ப்புகள்

1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சு 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கின்றது. 2024 அக்டோபரில் பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. அப்போதைய விதிகளின்படி, முழுநேரக் கல்வியிலோ பணியிலோ இல்லாத 21 முதல் 24 வயதினர் ஓராண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். மாத உதவித்தொகை அப்போது 5000 ரூபாயாக இருந்தது. திட்டங்களின் விதிகள் மாறக்கூடியவை ஆதலால், விண்ணப்பிக்கும்பொழுது உரிய அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும்.